மேற்குப் பார்த்த ஐந்தாம் மாடி, மூன்றரை அடி வராண்டா: அம்மாவுக்காகச் செடி வைக்கலாமா?

தாம்வே ஐந்தாம்மாடி (2025 ஏப்ரல் கடைசி வாரம்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். சுருக்கிச் சொன்னால் என் நிலைமை புரியாது.

நாங்கள் ரங்கூனில் தாம்வே பக்கம் ஐந்தாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் தலைக்கு மேலே தகரக் கூரைதான். வீடு மேற்குப் பார்த்தது. முன்பக்கம் ஒரு வராண்டா இருக்கிறது. பத்தடி நீளம், மூன்றரை அடி அகலம், இரும்புக் கம்பி அடைத்தது. லிஃப்ட் கிடையாது. காய்கறியில் இருந்து மருந்து வரை தெருவில் வாங்குவதெல்லாம் கயிற்றில்தான் மேலே வரும். ரங்கூன்காரர்களுக்கு இது தெரியும். மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஒவ்வொரு மாடியில் இருந்தும் ஒரு கயிறு தெரு வரை தொங்கும், நுனியில் ஒரு கிளிப்போ பையோ இருக்கும். கீழே இருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும்.

தை மாதம் அப்பா தவறிவிட்டார். காரியம் முடிந்ததும் அம்மாவைச் சவுத்தான் பக்கத்துக் கிராமத்தில் இருந்து இங்கே அழைத்து வந்துவிட்டோம். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. ஊர் வீட்டில் கால் காணி கூட இருக்காது, ஆனால் அதில் இல்லாத பூ இல்லை. விடிகாலையில் பூக்கூடையோடு ஒரு சுற்று வந்து, சாமிக்கு வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் டீ குடிப்பார். இங்கே வந்து மூன்று மாதம் ஆகிறது. தினமும் அதே நேரத்துக்கு எழுந்து வராண்டா வரை போகிறார். கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்கிறார். திரும்பி வந்து உட்கார்ந்துவிடுகிறார். பேச்சும் குறைந்துபோயிற்று.

போன வாரம் தெருவில் மல்லிகைச் சரம் விற்றுக்கொண்டு போனார்கள். ஒன்று வாங்கிக் கயிற்றில் ஏற்றி அம்மா கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இது நேற்றுப் பறித்தது" என்று மட்டும் சொன்னார். சாமிக்கு வைக்கவில்லை. அன்று ராத்திரிதான் எனக்குத் தோன்றியது, வராண்டாவில் நாலு தொட்டி வைத்தால் என்ன என்று.

மனைவி வேண்டாம் என்கிறாள். அவள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் எங்கள் மகளுக்கு டெங்கு வந்து, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். தொட்டி வைத்தால் கொசு வரும் என்கிறாள். நாலாம் மாடியில் ஒரு பர்மியக் குடும்பம். தண்ணீர் சொட்டினால் அவர்கள் துணிமேல்தான் விழும். வீட்டுக்காரரோ, வராண்டா பழசு, பாரம் ஏற்றாதே என்கிறார்.

இன்னொன்று, வெயில். போன வருஷம் ஏப்ரல் 28 நினைவிருக்கும். சௌக் ஊரில் 48.2 டிகிரி, இந்த நாட்டில் பதிவானதிலேயே அதுதான் அதிகம். ரங்கூனிலேயே 40 தொட்டது. மின்சாரம் இல்லாத மத்தியானங்களில் எங்கள் முன்னறைச் சுவரில் கை வைக்க முடியாது. செடி வைத்தால் வீடு கொஞ்சமாவது குளிருமா? காற்றைச் சுத்தம் செய்யும் என்கிறார்களே, அது உண்மையா? ராத்திரியில் செடிகள் கரியமிலவாயு விடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அம்மா வராண்டாவை ஒட்டித்தான் படுக்கிறார், அதனால் கேட்கிறேன்.

நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன். செடி வளர்த்ததில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


இன்செய்ன் மாணவன்

அண்ணா, காற்று விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன், இதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். வீட்டுக்குள் நாலு தொட்டி வைத்தால் காற்று சுத்தமாகிவிடும் என்று பகிரப்படுவதெல்லாம் பெரும்பாலும் நாசா 1989இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இருந்து கிளம்பியது. அது மூடி முத்திரையிட்ட சிறு பெட்டிகளுக்குள் செடியை வைத்துப் பார்த்த ஆய்வு. நம் வீடு பெட்டி இல்லை. கதவு ஜன்னல் வழியாகக் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. 2019இல் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டார்கள். ஜன்னல் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்யவேண்டும் என்றால், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10, சில சமயம் 1000 செடி வரை வேண்டுமாம். அதனால் காற்றுக்காக வைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், போதும்.

குளிர்ச்சி வேறு விஷயம். அங்கே செடி உண்மையிலேயே உதவும். வெயில் சுவரைத் தொடுவதற்கு முன்னால் வெளியிலேயே தடுக்கவேண்டும். உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும், சூடு அதற்குள் கம்பியையும் சுவரையும் தாண்டி வந்துவிட்டது. வெளிப்பக்கம் ஒரு கொடி படர்ந்தால் வெயிலை இலை வாங்கிக்கொள்ளும். வாங்கிய சூட்டில் ஒரு பகுதி, இலையில் இருந்து நீராவியாகப் போகும் தண்ணீரோடு போய்விடும். தகரத்துக்கும் இலைக்கும் அதுதான் வித்தியாசம். ஆனால் அண்ணா, உங்கள் கூரையில் இருந்து இறங்கும் சூட்டை வராண்டாக் கொடி தடுக்காது. முன்னறை மட்டும்தான் தப்பும்.


பகோ வாசகி

என் பாட்டி சொல்வார், முருங்கை வீட்டு முன்னால் ஆகாது, அரசமரம் வீட்டை அண்டவே கூடாது என்று. வைக்கும்போது இதையும் பார்த்து வையுங்கள்.


தன்லின் பெரியம்மா

தம்பி, உன் அம்மாவை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியும். நர்கிஸ் புயல் அடித்த மறுநாள் காலையில் நானும் எங்கள் கிணற்றடியில் அப்படித்தான் நின்றேன்.

2008 மே 2, வெள்ளிக்கிழமை ராத்திரி. எங்கள் வீடு பலகையும் தகரமும். சமையலறைக்கு மேற்கே, கிணற்றடியில், என் மாமியார் கல்யாணமாகி வந்த வருஷம் வைத்த மாமரம் நின்றது. விடிய விடியக் காற்று. ஊரில் எத்தனை மரம் முறிந்தது என்று சத்தத்தை வைத்தே எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விடிந்து பார்த்தால் மாமரம் வேரோடு புரண்டு வேலிமேல் கிடக்கிறது. வீட்டின்மேல் விழாததே அம்மன் புண்ணியம் என்றார் என் வீட்டுக்காரர். ஐராவதி ஆற்று டெல்டா பக்கம் ஊர் ஊராக ஜனங்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. அந்தச் செய்தி வந்த பிறகு மரத்துக்காக அழ எனக்கு வெட்கமாக இருந்தது. பல வாரம் மின்சாரம் இல்லை. அடுப்புக்கு அந்த மரத்தையே வெட்டி எரித்தோம்.

மாமரம் என்றால் எங்களுக்கு மாங்காய்தான், தம்பி. ஊறுகாய்க்கு இத்தனை, வற்றலுக்கு இத்தனை, கோயிலுக்கு ஒரு கூடை என்று காயைத்தான் கணக்குப் பார்த்தோம். மரம் போனதும், சரி, இனி மாங்காய் கடையில் வாங்கவேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அடுத்த சித்திரை வந்தபோதுதான் என்ன போயிற்று என்று தெரிந்தது. பகல் பதினோரு மணிக்கு மேல் சமையலறையில் நிற்க முடியவில்லை. தகரம் பட்பட் என்று வெடிக்கிற மாதிரி சத்தம் போடும். கிணற்றடிக் கல்லில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. என் மாமியார் முப்பது வருஷமாக மத்தியானத்தில் கட்டில் போட்டுப் படுக்கிற இடம் அது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு காலையில் ஒரு பக்கம், மாலையில் ஒரு பக்கம் என்று அலைந்தார். நிழலிலேயே வளர்ந்த கறிவேப்பிலை ஒரே கோடையில் கருகிப் பாதியாயிற்று. விடிகாலையில் எழுப்புகிற குருவிச் சத்தமும் இல்லை. ஒரு மரம் இத்தனை வேலை செய்துகொண்டிருந்ததா என்று நானும் மாமியாரும் பேசிக்கொள்வோம்.

அந்த மழைக்காலத்தில் அடுத்த வீட்டுப் பர்மிய அம்மாள் ஒரு டின்பால் டப்பாவில் ஒரு கன்று கொண்டுவந்து கொடுத்தார். நாம் அக்கா என்பதை அவர்கள் அமா என்பார்கள், நானும் அவரை அமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சொன்ன பெயர் கயே. எனக்குப் புரியவில்லை. இலையைக் கிள்ளிப் பார்த்த என் மாமியார்தான், "அடி, இது மகிழம்!" என்றார். கோயில் வாசலில் உதிர்ந்து கிடக்குமே, காய்ந்தாலும் வாசம் போகாதே, அதே மகிழம்பூ. இவர்களும் அதைச் சரம் கோத்துத் தலையில் வைக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே மரத்தை இரண்டு பெயரில் வைத்துக்கொண்டிருந்தோம் என்று மாமியாருக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டில் இருந்து பன்னிரண்டு அடி தள்ளி, மேற்குப் பக்கமாக, அவர் கையாலேயே நட்டார். மகிழம் அவசரப்படாத மரம். பூப்பதற்குள் ஏழு வருஷம் ஆயிற்று, அதற்குள் மாமியாரும் போய்விட்டார். இப்போது காலையில் கதவைத் திறந்தால் அமாவின் பேத்திகள் மரத்தடியில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். சமையலறையில் மறுபடியும் நிற்க முடிகிறது.

முருங்கை ஆகாது என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள். அம்மா, பாட்டி சொன்னது வீண் பேச்சில்லை. முருங்கைக் கிளை பிள்ளைகள் ஏறினால் மளுக்கென்று ஒடியும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி மொய்க்கும், வாசலில் இருந்தால் தலையில் விழும். அதனால் வாசலில் வைக்காதே, கொல்லையில் வை. எங்கள் கொல்லை முருங்கை நர்கிஸில் சாயவே இல்லை. காரணம், முருங்கையை ஒடித்து வளர் என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டு என் வீட்டுக்காரர் பங்குனியிலேயே கிளையை எல்லாம் ஒடித்துவிட்டிருந்தார். காற்று பிடிக்க அதில் தலையே இல்லை. அரசு ஆகாது என்பதற்குக் காரணம் பார்க்க ரங்கூன் பழைய தெருக்களில் நடந்தால் போதும். சுவர் இடுக்கில் பறவை போட்ட விதை முளைத்து, கட்டிடத்தையே பிளந்துகொண்டு நிற்கும். அரசுக்கு அதன் இடம் கோயிலும் பகோடாவும். பர்மியர்கள் கசோன் மாதப் பௌர்ணமிக்குப் பானையில் தண்ணீர் கொண்டுபோய் அரசுக்கு ஊற்றுவார்களே, கொளுத்துகிற கோடையில் மரத்துக்குத் தண்ணீர் விடுவதையே ஒரு விழாவாக வைத்த ஜனங்கள். நானும் அமாவோடு போய் ஊற்றிவிட்டு வருவேன்.

எங்கள் வேம்பும் அப்படித்தான். நமக்கு அது மாரியம்மன். அவர்களுக்குத் தமா, சாப்பாடு. கொழுந்தையும் பூவையும் வேகவைத்து, ஞாப்பி என்கிற புளித்த மீன் விழுதுக்குத் தொட்டுக்கொள்வார்கள். மாசி பங்குனியில் அமா வந்து ஒரு கூடை பறித்துப் போவார். மறுநாள் அவர் வேலியோரத்துச் சின்பவுங் ஒரு கட்டு எங்கள் வீட்டுக்கு வரும். நம் புளிச்சக்கீரைதான் அது. மரம் செடி இருந்தால் வேலிக்கு இரண்டு பக்கமும் பேச்சு இருக்கும், தம்பி. உன் அம்மாவுக்கு இப்போது அதுவும் இல்லை.

சரி, உன் வராண்டாவுக்கு வருகிறேன்.

முதலில் சங்குப்பூ. விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து இப்போதே போடு. ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும், இரண்டு மாதத்துக்குள் பூக்கும். உன் அம்மாவுக்குச் சீக்கிரம் ஒரு பூ வேண்டும், அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன். மகிழம் மாதிரி ஏழு வருஷம் காத்திருக்கச் சொல்லக்கூடாது. அது அவரை வகைப் பயிர், மண்ணையும் அதுவே வளப்படுத்திக்கொள்ளும். நீலமும் வெள்ளையும் கலந்து போடு.

அடுத்தது ரங்கூன் மல்லி. மேற்குக் கம்பி முழுவதும் அதை ஏற்று. தமிழ்நாட்டில் இருக்கிற என் நாத்தனார் வீட்டிலும் அதை ரங்கூன் மல்லி என்றுதான் சொல்கிறார்கள். நம் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு ரங்கூன்காரர் வீட்டில் இல்லாமல் இருக்கலாமா? சாயங்காலம் வெள்ளையாக விரியும், மறுநாள் ரோஸ், அதற்கடுத்த நாள் சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் நிற்கும். ராத்திரியில் நீளமான மூக்குள்ள அந்துப்பூச்சி வரும், பகலில் வண்ணத்துப்பூச்சி வரும். அம்மா படுக்கிற இடத்துக்கு வாசம் வரும். பழைய இலைக்காம்பு காய்ந்து முள்ளாக நிற்கும், மகளுக்குச் சொல்லி வை. ஒரு வருஷம் பொறுக்கவேண்டும்.

செம்பருத்தி ஒன்று, நந்தியாவட்டை ஒன்று, துளசி ஒன்று, கறிவேப்பிலை ஒன்று. அரளி வேண்டாம், குழந்தை இருக்கிற வீட்டில் அந்த விஷம் எதற்கு? கறிவேப்பிலையை மட்டும் மழை நேராக அடிக்காத மூலையில் வை. நம் ஊர் ஆடி மழையில் வேர் அழுகிவிடும்.

இதை எல்லாம்விட முக்கியமான ஒன்று. நீ தண்ணீர் ஊற்றாதே. உன் மனைவியும் ஊற்றவேண்டாம். அம்மா ஊற்றட்டும். விதையை அவர் கையில் கொடுத்து, எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்லுங்கள் என்று கேள். உண்மையிலேயே உனக்குத் தெரியாதே.


மோல்மீன் வாத்தியார்

வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பெரியம்மா மனசுக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டார். பாரமும் கொசுவும் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அவை இரண்டையும் சரி செய்யாவிட்டால் உங்கள் மனைவியும் வீட்டுக்காரரும் சொல்வதுதான் நடக்கும்.

ஓரடி விட்டம், ஓரடி உயரம் உள்ள தொட்டி ஒன்றில் ஏறத்தாழ 22 லிட்டர் மண் பிடிக்கும். நனைந்த தோட்ட மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். ஆக ஒரு தொட்டி 35 கிலோவைத் தாண்டும். எட்டுத் தொட்டி என்றால் நாலைந்து ஆள் எப்போதும் வராண்டாவில் நிற்கிற மாதிரி. அதனால் வெறும் மண் போடாதீர்கள். இந்த நாட்டில் எந்த அரிசி ஆலையிலும் உமி குவிந்து கிடக்கிறது. கருக்கிய உமி இரண்டு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, மண் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு. பாரம் பாதியாகக் குறையும், தண்ணீரும் தேங்காது. சுட்டமண் தொட்டிக்குப் பதில் பழைய பிளாஸ்டிக் வாளியில் அடியில் ஓட்டை போட்டு வையுங்கள். தொட்டிகளை எல்லாம் வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள். வெளிநுனிக்குப் போகப் போக அதே பாரம் வராண்டாவை அதிகமாக இழுக்கும். கொடியை மட்டும் கயிறு கட்டிக் கம்பிக்குக் கொண்டுபோகலாம். கம்பிமேல் எதையும் தொங்கவிடாதீர்கள். மார்ச் 28ஆம் தேதி மண்டலை, சகாய்ங் பக்கம் பூமி அதிர்ந்து என்ன ஆயிற்று என்று நாம் எல்லோரும் பார்த்தோம். தெருவில் போகிறவர் தலைமேல் ஒரு தொட்டி விழ அவ்வளவு பெரிய அதிர்ச்சிகூடத் தேவையில்லை. பழைய வராண்டா என்கிறீர்கள், முதலில் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு அடிப்பக்கம் காரை பெயர்ந்திருக்கிறதா, கம்பி துருப்பிடித்துத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தால் செடி வேண்டாம்.

கொசு. டெங்குக் கொசு பகலில் கடிப்பது. தேங்கிய தண்ணீரின் விளிம்பில், பாத்திரத்தின் பக்கச் சுவரில் முட்டை ஒட்டும். முட்டையில் இருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் முட்டை செத்துவிடாது, காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். அதனால்தான் கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக் கழுவவேண்டும். வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் நிறைய மணலைப் போட்டுவிட்டால் தண்ணீர் மேலே நிற்காது, நாலாம் மாடிக்கும் சொட்டாது. ஐயா, இன்னொன்றும் சொல்லவேண்டும். மின்சாரம் இல்லாமல் பம்ப் ஓடாது என்று நாம் எல்லோரும் வீட்டில் வாளி, டிரம் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். உங்கள் மகளைக் கடித்த கொசு அதில் பிறந்ததாகவும் இருக்கலாம். அவற்றுக்கு மூடியோ வலைத்துணியோ போட்டுவிட்டுத் தொட்டிகளைப் பற்றிப் பேசுங்கள்.

ராத்திரி விஷயம்: செடிகளும் நம்மைப் போல மூச்சு விடுகின்றன, உண்மைதான். ஆனால் ஒரு மனிதர் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமிலவாயு வெளிவிடுகிறார். எட்டுத் தொட்டிச் செடி ராத்திரி முழுக்க விடுவது அதில் மிகச் சிறு பங்கு. பக்கத்தில் பேரப்பிள்ளை படுத்தால் பயப்படுவோமா? அம்மா நிம்மதியாகத் தூங்கலாம்.

கடைசியாக, உங்கள் அம்மாவை நினைத்து இதைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்து 1984இல் வெளியிட்டார். பாதிப் பேருடைய ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனால் நாற்பது வருஷமாக மாணவர்களுக்குச் செடியின் பாகங்களை வரையச் சொல்லிக் கொடுத்த எனக்கு, செடி மனிதனுக்கு என்ன செய்கிறது என்று யோசிக்கவைத்தது அதுதான்.


தாம்வே ஐந்தாம்மாடி

எல்லோருக்கும் நன்றி. பெரியம்மா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மகிழத்தைப் பன்னிரண்டு அடியிலா வைத்தார்கள்? ரொம்பக் கிட்டே" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மா ஒரு விஷயத்துக்கு மறுப்புச் சொல்லிக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வருகிறார். விதை தேடுகிறேன்.


தன்லின் பெரியம்மா

உன் அம்மா சொல்வது சரிதான், தம்பி. இப்போது கிளை கூரையைத் தொடுகிறது, வருஷா வருஷம் வெட்டவேண்டியிருக்கிறது. விதை தேடி அலையாதே. நான் ஒரு பொட்டலம் கொடுத்துவிடுகிறேன், உன் கயிற்றின் நுனிக்கு வந்து சேரும்.


தாம்வே ஐந்தாம்மாடி (ஆகஸ்ட்)

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். என்ன நடந்தது என்று சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவனாவேன்.

கொத்தனார் பார்த்தார். வராண்டாவின் வடக்கு மூலையில் அடிக்காரை பெயர்ந்திருந்தது. அந்தப் பக்கம் எதுவும் வைக்கவில்லை. தெற்குப் பக்கம் சுவரை ஒட்டி ஆறு வாளி. வாத்தியார் சொன்ன கலவைதான். உமியும் எருவும் ஐந்து மாடி கயிற்றில் ஏறின, ஒவ்வொரு தடவையும் இரண்டு வீசைக்கு மேல் கட்டவில்லை. மகள் மேலே நின்று எண்ணினாள், இருபத்தேழு தடவை.

விதையை அம்மா கையில் கொடுத்தேன். ஊறவைத்தார். முளைத்தது. முளைத்த அன்றே அரிசி கழுவிய தண்ணீரை இனி யாரும் கொட்டக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். ஜூன் கடைசியில் முதல் பூ, நீலம். அம்மா அதைப் பறிக்கவில்லை. இரண்டாவது பூவில் இருந்துதான் சாமிக்கு வைத்தார். இப்போது காலையில் பத்துப் பதினைந்து பூ. அதற்குப் பிறகுதான் டீ.

கொசு விஷயத்தில் மனைவி இப்போது எனக்கு மேலே. ஞாயிற்றுக்கிழமை தட்டு தேய்க்கிற வேலை அவளுடையது, டிரம்முக்கு வலைத்துணி தைத்ததும் அவள்தான். இந்த மழையில் இதுவரை வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை.

முன்னறைச் சூடு குறைந்ததா என்று அடுத்த சித்திரையில்தான் சொல்ல முடியும். ரங்கூன் மல்லி கம்பியில் பாதி உயரம் ஏறியிருக்கிறது.

இன்னொரு விஷயம். மழை தொடங்கியதும் ஒரு நாள் நாலாம் மாடி அம்மாள் மேலே ஏறி வந்தார். தண்ணீர் சொட்டியதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நான் கதவருகிலேயே கை கூப்பி நின்றேன். அவர் கேட்டது பூ. அவருடைய வீட்டு புத்தர் பீடத்துக்கு. அம்மாவுக்குப் பர்மியம் நன்றாக வரும், ஊரில் பேசிய மொழிதானே. இரண்டு பேரும் அரை மணி நேரம் நின்றுகொண்டே பேசினார்கள். இப்போது தினமும் காலையில் ஒரு சின்னப் பையில் பூவைப் போட்டு அம்மா கயிற்றை ஒரு மாடி மட்டும் இறக்குகிறார். சில நாள் பை காலியாக வராது. நேற்று நாலு எலுமிச்சம்பழம்.

பெரியம்மாவிடம் ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார் அம்மா. ரங்கூன் மல்லி இலையாகவே தள்ளுகிறது, மொட்டு ஒன்றுகூட இல்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை கடலைப்பிண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் ஊற்றுகிறோம்.


தன்லின் பெரியம்மா

பிண்ணாக்கை நிறுத்து, தம்பி. தின்னத் தின்ன இலைதான் விடும். மழை விடும்வரை எதுவும் போடாதே, ஐப்பசியில் ஒருமுறை கொஞ்சம் சாம்பல் போடு, நுனியைக் கிள்ளிவிடு. வருகிற கோடையில் பூக்கும். பூக்கிறபோது அம்மாவையே எழுதச் சொல். அவர் சொல்லச் சொல்ல நீ எழுது.